பிளாக்பூலில் கிளம்பிய புரளி

கட்சித் தலைவர் தன்னைத் தனியாகக் கூப்பிடுகிறார் என்றதும் டெரிக் ஹால்ராய்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கட்சி மாநாட்டுக்குப் பிரதிநிதியாக வந்த இடத்தில், நேற்று மதியம் பிளாக்பூல் ஓட்டல் பாரில் நிருபர்களிடம் அளந்துவிட்டவன் அவன்தான். தலைவரைக் கவிழ்க்க நிதியமைச்சர் ஆள் சேர்க்கிறார் என்று. காலைப் பத்திரிகைகளில் அதைத் தவிர வேறு செய்தியே இல்லை.

கதவைத் தட்டி நுழைந்தான். உள்ளே தலைவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிதியமைச்சர்.

இன்றோடு தொலைந்தோம் என்று நினைத்தான் டெரிக்.

"அந்தப் புரளியக் கிளப்புனது நீங்கதானா?" என்றார் தலைவர்.

"மன்னிச்சிருங்க சார். ரெண்டு கிளாஸ் உள்ள போனதும் வாய் சும்மா இருக்கல."

"எதுக்கு மன்னிப்பு? உக்காருங்க. நீங்க மட்டும் கிளப்பலேன்னா நேத்து நாங்க நாறிப்போயிருப்போம்."

நிதியமைச்சர் சிரித்தார். "மாநாட்டு அரங்கத்துல இருந்த முக்காவாசிப் பேரும் எங்க சண்டையப் பத்தி விசாரிக்க வெளிய ஓடிட்டாங்க. சின்ன ஊர் பிரசவ ஆஸ்பத்திரிகள மூடுற தீர்மானம் சத்தமில்லாம நிறைவேறிருச்சு. எதிர்த்துப் பேசப் பேர் குடுத்த ஒரே ஆளும் வரல. மூணு தடவ கூப்பிட்டுப் பாத்தாங்களாம்."

டெரிக்கின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எட்டு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி. எடுத்துக் காதில் வைத்தான்.

"மேடையில பேசி முடிச்சதும் கூப்பிடுறேன்னியே டெரிக், கூப்பிடவே இல்லியே. நம்ம ஆஸ்பத்திரிய மூட மாட்டாங்கல்ல?"