படுதாவுக்குப் பின்னால்

கோட்டைப்பட்டினத்துப் பள்ளிக்கூட முற்றத்தில் நடக்கும் பாராட்டு விழாவில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மேடையோடு நின்றுவிடுகிறது. பெண்களுக்காகக் கட்டிய படுதாவுக்குப் பின்னால், ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்து சொல்லிக்கொடுத்த சாரா உம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கிறாள். பெண்பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பும் வேண்டும் என்று கேட்கப்போகும் ஒரே வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறாள். அந்நியப் பெண்ணுக்குப் போர்த்துவது முறையில்லை என்று, அவளுக்கு வாங்கிய பொன்னாடையை விழாத் தலைவர் அவள் தம்பி ஜைனுதீனுக்குப் போர்த்துகிறார். ஒரு காலத்தில் அவள் நடத்திய பள்ளிக்குப் பூட்டுப் போட்டவன் அவன்தான். இப்போது அக்காள் சார்பில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "லாத்தாவுக்கு ரொம்பச் சந்தோசங்க. பொம்பளப் புள்ளைக்கு அஞ்சாவது போதும்னுதான் அவங்களும் சொல்லுவாங்க" என்கிறான். அஞ்சாவது முடிக்கும் மகளோடு அவளருகே இருக்கும் பரக்கத் நிஷா, "நீங்களா லாத்தா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்கிறாள். "இல்லை" என்கிறாள் சாரா உம்மாள். படுதாவுக்கு அங்கிட்டு எழும் கைதட்டலில் அது பரக்கத் நிஷாவுக்கே சரியாகக் கேட்கவில்லை.