மூன்றாவது டிரைவர்

அவள் இருபத்திமூன்றாவது ஒயரை லேசாக இழுத்துப் பார்த்தாள்.

வரவில்லை. திருகு பிடித்திருந்தது.

நோட்டில் 23 என்ற எண்ணுக்கு எதிரே டிக் போட்டாள். பிறகு, சந்தேகம் வந்து, இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

பலகையில் மூன்று டிரைவர்கள் வரிசையாக இருந்தன. மோட்டாரை ஓட்டும் சிறு மின் பெட்டிகள், மோட்டாருக்கு ஒன்று. இரண்டின் மேல் மரத்தூள் படிந்திருந்தது. மூன்றாவது புதிது.

எதிரே லோகு அண்ணன். கதவுகளில் பூ செதுக்குகிற தச்சர். மாலை நேர எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் அவளுக்குப் பக்கத்து பெஞ்ச். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் செதுக்கும் இந்த மெஷினை எட்டு மாதமாக அவருடைய பட்டறையில்தான் இருவரும் கட்டுகிறார்கள்.

தான் போட்ட ஒயர்களை அவர் மல்டிமீட்டர் வைத்து நான்காவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பு ஒரு முறைகூடப் பார்க்கமாட்டார். "அம்மிணி, நீ நோட்டுல எழுதி முடிக்கறதுக்குள்ள நான் ஊடு கட்டிக் குடி போயிருவேன்" என்பார்.

போன சனிக்கிழமையிலிருந்து அந்தக் கேலி இல்லை.

அன்று மோட்டார் சுற்றாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் டீ வாங்கப் போயிருந்தார். இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் பார்க்கலாம் என்று அவள் ஒன்றைக் கழற்றினாள்.

பவர் சப்ளையை அணைக்காமல்.

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றினால் டிரைவர் போய்விடும். வகுப்பின் முதல் வாரத்திலேயே எழுதிக்கொண்டது. சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.

டப்பென்று ஒரு சத்தம். டிரைவரின் பச்சை விளக்கு அணைந்தது.

டீயோடு வந்தவர் முகர்ந்து பார்த்தார். தொங்கிய ஒயரைப் பார்த்தார். டம்ளர்களைக் கீழே வைத்தார்.

"நான் திருகை லூசா உட்டுட்டனாட்ட இருக்குது."

அவள் நோட்டை எடுத்தாள்.

அன்றைய பக்கத்தில், 'காரணம்' என்று எழுதி நிறுத்தினாள். அந்தக் கோடு இன்னும் காலியாக இருக்கிறது.

திங்கட்கிழமை அவர் வகுப்புக்கு வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

இன்று புது டிரைவரை மாட்டும்போதுதான் சொன்னார்.

"இது ஓடுச்சுன்னா நீயே எடுத்துட்டுப் போயிரு அம்மிணி. என்ர கைக்கு உளிதான். ஒரு திருகு முடுக்கத் தெரியல."

சிரிக்காமல் சொன்னார்.

நான்காவது முறையும் பார்த்து முடித்துவிட்டார். சுவிட்ச் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"நீ போடு."

இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

போட்டால் மூன்று விளக்குகளும் எரியும். மோட்டார்கள் சுற்றும். அவர் எழுந்து, மெஷினை வண்டியில் ஏற்றக் கயிறு தேடுவார்.

அதற்குப் பிறகு சொல்ல முடியாது.

விரலை எடுத்தாள்.

"அண்ணா, நீங்க முடுக்குனது சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் கழட்டுனேன். கரண்ட்டு இருக்கறப்பவே."

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருக்கலாம்.

அவர் மல்டிமீட்டரை எடுத்தார். தன் பக்கத்து ஒயர்களைத் தொடவில்லை. அவள் பக்கம் வந்து குனிந்தார். அவள் போட்டிருந்த முதல் ஒயரை இரண்டு விரல்களால் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"ஒண்ணு" என்றார்.

அவள் தன் நிழல் அங்கே விழாதபடி நகர்ந்து நின்றாள்.