சிரித்தால் சோறு நின்றுவிடும்

இலவசமாகக் கொடுப்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் மகன் செத்த பிறகு மருமகள் ஸ்டெல்லாவுக்கும் மூன்று வயதுப் பேத்திக்கும் எனக்கும் எங்கள் தெருத் தொண்டர் சங்கத்துச் சோறுதான். சங்கத்துக்காரர்கள் சமையலறையில் ஒரு கருவி மாட்டியிருக்கிறார்கள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால், குடும்பம் தேறிவிட்டதென்று அது சொல்லிவிடும்; மறுநாள் சோறு வராது. அதனால் நாங்கள் சிரிப்பதில்லை.

நேற்று சோறு கொண்டுவந்த தொண்டர் ரஹ்மத், கருவியின் ஒயரைப் பிடுங்கினாள்.

"தாத்தா, இப்ப அதுக்குக் கேக்காது. புள்ளையச் சிரிக்க விடுங்க."

"ஆழம் பாக்குறியா? யாரு அனுப்புனா உன்னை?"

"எங்க வீட்லயும் இது இருந்துச்சு தாத்தா."

அவள் பேத்தியை மடியில் போட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டினாள். குழந்தையின் உடம்பெல்லாம் குலுங்கியது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்தது.