காரைப் பிடித்த புல்

என் வெட்டிவேர்ப் புல் ஒரு காரையே பிடித்து நிறுத்தியது. காருக்குள் மடியில் அர்ச்சனைத் தட்டோடு பக்கத்து வீட்டு அம்மாள். ஒரு வாழைப்பழம்கூட உருளவில்லை.

அவர் கணவர் பொறியாளர் தணிகாசலம். வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரை முழுக்க வெளிநாட்டுப் புல்தரை போட்டிருந்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கரை விளிம்பில் நான் நட்டிருந்த வெட்டிவேரைப் பார்த்து, "பாம்புக்கு வீடு கட்டித் தர்றீங்களா சார்? திங்கக்கிழமை ஆள் விட்டுத் தோண்டிடுவேன்" என்றார்.

ஞாயிறு காலை கொட்டிய மழையில் அவருடைய புல்தரை பாய் சுருட்டியது போல ஓடைக்குள் போனது. கோயிலுக்குக் கிளம்ப நின்ற கார் பின்பக்கமாக வழுக்கி, என் புல்வரிசையில் மோதி நின்றது. அங்கே மட்டும் கரை இடியவில்லை. சக்கரத்துக்குக் கீழே, வெள்ளம் அரித்த சரிவில் வேர்கள் ஆளுயரத் தாடியாகத் தொங்கின. அம்மாள் முன்கதவு வழியாக, செருப்பு நனையாமல் இறங்கினார்.

"யானை விழுந்திருந்தாலும் புடிச்சிருக்கும்!" என்றேன். கூடியிருந்தவர்கள் சிரித்தபடி பொறியாளரைப் பார்த்தார்கள்.

அவர் மனைவியின் கையை விடாமல் குனிந்து ஒரு வேரைத் தொட்டார்.

"யானை தெரியாது சார். இவளைப் புடிச்சுது."