பச்சை முக்கோணம்

“கறுப்பு வெள்ளையில மட்டும் போட்டுறாதீகய்யா. உங்க கால்ல வேணாலும் விழுறேன்” என்று சொல்லும்போதே நல்லகாமன் பாதி குனிந்துவிட்டார்.

பத்திரிகையின் உதவி ஆசிரியர் முஜிபுர் ரஹ்மான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். தீபாவளி மலருக்கு நவீன ஓவியப் போட்டி வைத்தாலும் வைத்தார்கள், புகழ்ப் பைத்தியங்களின் தொல்லை தாங்கவில்லை. அதிலும் செல்லூரில் தறிக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் இந்த மனிதர் மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறார். இன்றைக்கு மனைவி ஒச்சாயியும் கூட.

ஓவியம் மேசைமேல் கிடந்தது. நீலப் பரப்பு, அதில் சாய்ந்தோடும் மஞ்சள் கோடுகள், கீழ் மூலையில் கோணலாக ஒரு பச்சை முக்கோணம். நடுவர்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆகவே அதற்குத்தான் முதல் பரிசு.

“உங்க படம்தாண்ணே அட்டையில வருது. கலர்லதான். போதுமா?”

நல்லகாமன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எம்புட்டு ஊருக்குய்யா போகும்?”

“தமிழ்நாடு பூரா போகும். பேரை எப்படிப் போடணும்?”

“பேரு வேணாம்யா. விலாசத்த மட்டும் பெருசாப் போடுங்க.”

பெரிய ஓவியர்களுக்கு உள்ள கிறுக்கு அதற்குள் இவருக்கும் வந்துவிட்டது என்று ரஹ்மான் சிரித்துக்கொண்டார். பிறகு ஸ்கேலை எடுத்து ஓவியத்தின் கீழ் மூலையில் வைத்தார். “ஒண்ணே ஒண்ணு. இந்தப் பச்சை கண்ணை உறுத்துது. இதை மட்டும் வெட்டிட்டு...”

“அத வெட்டிறாதீக!”

அதுவரை வாயே திறக்காத ஒச்சாயி பாய்ந்து வந்து அந்த மூலையைக் கையால் பொத்திக்கொண்டாள். நல்லகாமன் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். “சொல்லிறாத புள்ள. தெரிஞ்சா போட்டியில இருந்து தூக்கிருவாக.”

ரஹ்மானின் முகம் மாறிவிட்டது. “என்ன தெரிஞ்சா? காப்பியா? எதைப் பாத்துண்ணே வரைஞ்சீங்க?”

நல்லகாமன் தலை குனிந்தார். ஒச்சாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் போயிற்று என்ற பயத்தில் அவளே சொல்லத் தொடங்கினாள்.

“ஒரு போட்டோகூட எடுத்து வைக்காத பாவிகய்யா நாங்க. இவருக்குத் துணிதான் வரையத் தெரியும். மூஞ்சி வரைய வராது.”

“யார் மூஞ்சிம்மா?”

ஒச்சாயி அந்தப் பச்சை முக்கோணத்தை மெல்லத் தடவினாள்.

“இது கிழிசல்ல நான் வச்சுத் தச்ச ஒட்டுய்யா. அழகர் ஆத்துல எறங்குன அன்னைக்குக் கூட்டத்துல தொலஞ்சப்ப, எம் மக இந்தப் பாவாடதான் கட்டியிருந்தா.”