தேனீ ஏறிய பஸ்

“எங்கம்மா மேல சத்தியமா சொல்றேன் சார், இதுல ஒரு வார்த்த பொய் கிடையாது” என்றார் வாட்ச்மேன் ஏகாம்பரம்.

நூம்பல் அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்ரட்டரி கிருபாகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணி டியூட்டிக்கு ஆள் வந்தது பதினொன்றரைக்கு. இன்னொரு நாள் தாமதமானால் வேலை போய்விடும் என்று போன வாரம்தான் எழுதி வாங்கியிருந்தார்.

“சரி, இன்னிக்கு என்ன கதை?”

“தேனீ சார். என் சம்சாரம் அஞ்சல, மூஞ்சி மினுமினுன்னு ஆவணும்னு தேனீ விஷம் போட்ட க்ரீமு பூசிக்கினா. வாசம் புடிச்சிகினு கள்ளிக்குப்பத்துல கீற தேனீ மொத்தமும் ஊட்டாண்ட வந்துடுச்சி. அதுங்க சரக்கு இல்லியா, திருப்பிக் கேக்குதுங்க.”

பக்கத்தில் நின்ற கிருபாகரனின் மனைவி அகல்யா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“அவ மொகம் தொடச்ச துண்டத் தோள்ல போட்டுகினு பஸ் ஏறிட்டேன். அதுங்களும் ஏறிச்சி. கண்டக்டரு அத்தினிக்கும் டிக்கெட் எடுன்றான். எறங்கி நடந்தே வந்தேன்.”

“நேத்து வரைக்கும் நரைச்சிருந்த முடி எப்படிக் கறுத்துச்சு?”

“தேனீய வெரட்டப் புகை போட்டேன் சார். படிஞ்சிடுச்சி.”

“மீசையிலயுமா?”

“அது மூக்குக்குப் பக்கத்துல கீதே சார்.”

கிருபாகரன் வருகைப் பதிவேட்டைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“எந்த க்ரீம்ணே அது?” அகல்யாவின் குரல் இறங்கியிருந்தது.

“தங்கக் கலர் மூடிம்மா. நேத்து கூரியர்ல வந்து, கேட்டாண்டயே பிரிச்சிப் பாத்தீங்களே, அதே.”

அகல்யா மாடிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது டப்பாவைத் துணியில் சுற்றி, கையை எட்ட நீட்டிப் பிடித்திருந்தாள்.

“குழந்தை இருக்கற வீடுண்ணே. எங்கயாவது தூரமா போட்டுடுங்க. ஏங்க, பாவம், அவரை விட்டுடுங்க.”

“போவசொல்ல ஏரியில போட்டுடறேம்மா. குப்பத்தொட்டியில போட்டா தேனீ இங்க வந்துடும்.”

இந்த மாதிரி க்ரீம் வாங்காதே என்று ஒரு வருடமாகச் சொல்லித் தோற்றவர் கிருபாகரன். பதிவேட்டில் அவரே ‘எட்டு மணி’ என்று எழுதினார்.

கேட்டுக்குப் போனதும் ஏகாம்பரம் டப்பாவைத் திறந்தார். அங்கே நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடியில் முகம் பார்த்து, இரண்டு கன்னத்திலும் பதமாகப் பூசிக்கொண்டார்.

நாளைக் காலை அவர் பாரிவாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போகிறார். ஐம்பத்தாறு வயதில் இதுதான் முதல் தடவை, பெண்ணின் பெயர் அஞ்சலை.