கொடி தொங்கும் சுவர்

முதலாளி சாப்பிடக் கிளம்பிய செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கி ஓய்ந்ததும், ஹம்சா நாற்காலியை இழுத்துவந்து ஐரினின் இடப்பக்கம் போட்டாள்.

கடைசியாக ஒரு தடவை விளையாட.

நாளையிலிருந்து ஹம்சா வேலைக்கு வரமாட்டாள். அடுத்த வாரம் கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஜாம்ஷெட்பூரில் உத்தியோகம். பத்திரிகையை இதே கம்ப்யூட்டரில் ஐரின்தான் அடித்துக் கொடுத்தாள். பெண்ணின் பெயரில் பிழை இருக்கிறதா என்று ஏழு தடவை பார்த்தாள்.

ஒன்றே முக்காலுக்கு ஹம்சாவின் அப்பா ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போய்விடுவார்.

லஸ்ஸில் இருக்கும் அந்த டிடிபி சென்டரில் வேலைக்கு இருப்பவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த ஆள் ஃபிளாப்பியில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன விளையாட்டு அது. இரண்டாம் உலகப் போர். ஜெர்மன்காரன் கோட்டையில் மாட்டிக்கொண்ட சிப்பாய் நாம்தான். நம் உடம்பு தெரியாது, திரையின் அடியில் துப்பாக்கி மட்டும் தெரியும். எதிரில் வருகிறவனைச் சுட்டுக்கொண்டே வெளியேறும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு கீபோர்டு, இரண்டு பேர்.

நடப்பதும் கதவைத் திறப்பதும் ஐரின். சுடுவது ஹம்சா. தனக்குச் சுட வராது என்று ஐரின் முதல் நாளே சொல்லிவிட்டாள். மீன் இல்லாமல் சோறு இறங்காத சாந்தோம் பெண் சும்மா நடந்துவர, வெங்காயம்கூடச் சேர்க்காத மயிலாப்பூர் வீட்டுப் பெண் ஜெர்மன்காரர்களைக் காக்கா குருவி மாதிரி சுட்டுத் தள்ளினாள்.

அதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் அவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டவர்கள்.

ஐரினுக்கு நாற்பத்து மூன்று வயது. அம்மா போனபிறகு வீட்டில் அவள் மட்டும்தான். சனிக்கிழமை மதியம் சென்டரை விட்டு இறங்கினால், ஞாயிறு பூசையில் சாமியாருக்கு மறுமொழி சொல்வதைத் தவிர, திங்கள் காலைவரை வாய் திறக்க வேலையில்லை.

அதனால்தான் அந்தத் திருட்டுத்தனம்.

வெளியே போகும் வழி அவளுக்குப் பொங்கலிலேயே தெரிந்துபோயிற்று. ஹம்சா லீவு போட்ட அன்று தனியாக ஆடிப் பார்த்தாள். நீண்ட நடைவழியின் கோடியில் ஒரு சிவப்புக் கொடி தொங்குகிறது. அந்தச் சுவரைத் தள்ளினால் சுவரே நகர்கிறது. உள்ளே ஜெர்மன் தளபதி நின்றிருந்தான். சுட வராதவள் மூன்றே குண்டில் அவனை வீழ்த்திவிட்டாள்.

ஆட்டம் முடிந்தது என்று திரையில் எழுத்து வந்ததும், கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டாள்.

முடிந்துவிட்டால் ஹம்சா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

மறுநாளிலிருந்து சிப்பாயை இழுத்தடித்தாள். சமையல்கட்டு, சிறைக்கூடம், ஆயுதக் கிடங்கு என்று கோட்டையைப் பிரதட்சிணமே வந்தார்கள். "இங்கதான்மா எங்கயாவது இருக்கும்" என்று கொஞ்சமும் வாய் கூசாமல் சொல்வாள்.

தப்பித்தவறி கொடி இருக்கும் பக்கம் போய்விடுவதும் உண்டு. நல்லவேளையாக அங்கே போகும்போதெல்லாம் ஹம்சாவின் குறி தவறி, சிப்பாய் செத்துவிடுவான். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்குக் கவனம் எங்கே நிற்கும் என்று ஐரின் நினைத்துக்கொள்வாள்.

இன்றைக்குக் காட்டிவிடுவது என்று காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்திருந்தாள். நாலு மாதம் ஏய்த்தாயிற்று. போகிற பெண்ணுக்கு ஜெயித்த சந்தோஷமாவது மிஞ்சட்டும்.

நேராக நடந்தாள். இடதில் திரும்பி, வலதில் திரும்பி, நீண்ட நடைவழி. ஹம்சா வருகிறவனையெல்லாம் சுட்டுக்கொண்டே வந்தாள்.

சிவப்புக் கொடி திரை முழுக்க வந்து நின்றது. சுவரைத் தள்ள ஐரின் ஸ்பேஸ் பாரில் கட்டைவிரலை வைத்தாள்.

ஹம்சா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா, அழுத்தாதீங்கோ."

ஐரின் திரும்பினாள். அத்தனை கிட்டத்தில் இன்னொரு முகத்தைப் பார்த்து அவளுக்கு வெகுநாளாகியிருந்தது.

"இந்த வழி எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. சாம்பல் புதன் பூசைக்கு நீங்க லீவு போட்டேளே, அன்னிக்குத் தனியா ஆடிப் பார்த்துட்டேன். சொன்னா ஆட்டம் முடிஞ்சுடும், நீங்க பழையபடி அந்தச் சுவரைப் பார்த்துண்டு சாப்பிட ஆரம்பிச்சுடுவேள்னு சொல்லலை. இங்க வரச்சேயெல்லாம் வேணும்னே குறி தப்பினேன். நீங்க பாவம், தெரியாம தினம் தேடித் தேடி அலைஞ்சேள்." ஹம்சாவுக்குக் குரல் உடைந்தது. "கடைசி நாள்ல நீங்களே கண்டுபிடிச்சுட்டேள். என்னை மன்னிச்சுடுங்கோக்கா."

கீழே ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது.

நானும்தான் ஏய்த்தேன் என்று ஒரு வரி. ஐரினின் தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அதன் பின்னாலேயே ‘போகாதே’ என்பதும் வந்துவிடும். கல்யாணத்துக்குப் புறப்பட்டு நிற்கிற பெண்ணிடம் சொல்கிற பேச்சா அது?

ஹாரன் மறுபடியும் அடித்தது.

"போனாப் போகுது விடும்மா" என்று பெரிய மனசு பண்ணி, அவளை மன்னித்து அனுப்பினாள் ஐரின்.